கலைக்களஞ்சியம் (தமிழ் வளர்ச்சிக் கழகம்)

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பொது அறிவு நூல். தலைமை ஆசிரியர் பெ. தூரன் என்று அறியப்பட்ட பெரியசாமித் தூரன் (1908–1987). திட்டத்தைத் தொடங்கி, பணம் திரட்டி, இறுதிவரை நடத்தியவர் தி. சு. அவினாசிலிங்கம் (1903–1991). தூரன் ஈரோடு பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர், அவினாசிலிங்கம் திருப்பூர்க்காரர். கோவையில் அவினாசிலிங்கம் நிறுவிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் தூரன் ஆசிரியராக இருந்தார். அந்தப் பழக்கமே பின்னாளில் இந்தப் பெரும்பணியில் இருவரையும் சேர்த்தது.

சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கத்தின் முயற்சியால் 1946இல் கழகம் உருவாயிற்று. அதற்கு முன் தமிழில் அபிதான சிந்தாமணி (1910) என்ற கலைக்களஞ்சியம் இருந்தது. ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற ஒருவரின் வாழ்நாள் உழைப்பு அது. புராணமும் இலக்கியமும் அதன் வலிமை. அணுவியலும் பயிர்நோயும் சட்டமும் ஒரே நூலில் வேண்டுமென்றால் ஒருவர் போதாது. கலைக்களஞ்சியத்திற்கு ஏறத்தாழ 1,200 பேர் எழுதினார்கள். அந்தந்தத் துறையில் உழைத்தவரே அந்தத் தலைப்பை எழுதுவது என்பதே நூல் மீது பிறந்த நம்பிக்கைக்கு முதல் காரணம்.

ஆனால் அறிஞர் எழுதினால் மட்டும் வாசகர் நம்பிவிடுவதில்லை, புரியவும் வேண்டும். அன்றைய பல அறிவியலாளருக்குத் தம் துறையைத் தமிழில் எழுதிப் பழக்கமில்லை. கலைச்சொல்லும் நிலைபெறவில்லை. வந்த கட்டுரைகளைப் பள்ளிப் படிப்புள்ளவருக்கும் விளங்கும் நடைக்குக் கொண்டுவருவது ஆசிரியர் குழுவின் தலையில் விழுந்தது. வகுப்பறையில் நின்று பழகிய தூரனைவிடப் பொருத்தமான ஒருவர் அந்த வேலைக்குக் கிடைத்திருப்பார் என்று தோன்றவில்லை. மூலத்தைத் தேடிப் பார்க்கும் குணமும் அவரிடம் இருந்தது: சுதேசமித்திரன் இதழில் பாரதியார் எழுதியவற்றைத் தேடியெடுத்து, வெளிவந்த நாள்வாரியாக அடுக்கிப் பாரதி தமிழ் (1953) என்று தொகுத்தவர் அவர். கவிஞர், கீர்த்தனை ஆசிரியர் என்ற புகழ் பெரிதாகிவிட்டதால் இந்தத் தொகுப்பாசிரியரை நாம் குறைவாகவே நினைக்கிறோம். அது வருத்தம் தருகிறது.

ஒன்பதாம் தொகுதி 1963இல் வந்தது. அச்சேறியபின் உலகம் மாறிவிடுகிறது என்பதால் 1968இல் பத்தாவதாக ஓர் இணைப்புத் தொகுதி சேர்ந்தது. அதே ஆண்டு தூரனுக்குப் பத்மபூஷண் கிடைத்தது. குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் வெளியீடும் அப்போதே தொடங்கி, 1976இல் பத்துத் தொகுதிகளோடு முடிந்தது.

தமிழ் இணையக் கல்விக்கழகம் தொகுதிகளை மின்வடிவில் வைத்துள்ளது. மக்கள்தொகை, தொழில், மருத்துவம் பற்றிய பதிவுகளை அக்கால ஆவணமாகவே படிக்க வேண்டும். இலக்கியம், இசை, வரலாறு பற்றியவை இன்றும் தேடிப் படிக்கத் தக்கவை. நூல் உருவான வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் கதை என்ற நூலில் எழுதியிருக்கிறார்.