வாய்க்கூடும் கட்டாக்காலியும்: பொதுவிடத்தில் நாயின் உரித்துப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வீட்டிலே வளர்க்கப்படும் நாய் வீதியிலும் பூங்காவிலும் கடற்கரையிலும் மனிதரோடு ஒருங்கே நடமாட உரித்துடையதா என்னும் வினா, நகரவாழ்வில் அடிக்கடி எழுவதாகும். இவ்வினாவை நாய்ப்பிரியருக்கும் நாய்க்கு அஞ்சுவோருக்கும் இடையிலான சுவைவேறுபாடாகக் கொண்டு வாதிடுவதே பெரும்பான்மையோர் வழக்கம். ஆயின் வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து, வளர்ப்பு நாய் என ஒன்றும் கட்டாக்காலி நாய் என ஒன்றும் இயற்கையில் இருந்தனவல்ல என்பதும், வீதியை ஒழுங்குபடுத்த முற்பட்ட சட்டங்களே அவ்விரண்டையும் பிரித்து வகுத்தன என்பதும் புலனாகும். இப்பிரிவினையின் விலையை யார் கொடுத்தனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தே இதற்குத் தலையாய சான்று. அங்கு உருவான சட்டச் சிந்தனையே பின்னர் கொழும்பு வீதிகளையும் ஆண்டது என்பதனால், அந்நாட்டு வரலாறு நமக்கு அயலாரின் கதை அன்று.

கைத்தொழிற் புரட்சிக்கு முன்னும் அதன் தொடக்கக் காலத்திலும் ஆங்கில நகரங்களின் நாய் ஓர் உழைப்பாளியாகவே இருந்தது. இறைச்சிக்கடையைக் காத்தது, மந்தையை ஓட்டியது, சிறு வணிகரின் வண்டியை இழுத்தது. குதிரை வாங்க வகையற்ற ஏழை வியாபாரிக்கு நாய்வண்டியே வாகனம். 1839ஆம் ஆண்டின் இலண்டன் பொலிஸ் சட்டம் அந்நகரில் நாய்வண்டிகளைத் தடைசெய்தது. 1854இல் அத்தடை நாடெங்கும் விரிந்தது. விலங்குக்கு இரங்கியே இது செய்யப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பொதுவீதியிலிருந்து முதலில் அகற்றப்பட்டது ஏழையின் நாயே என்பதும், அதே வீதியில் செல்வரின் குதிரை சவுக்கடி பட்டபடியே ஓடிக்கொண்டிருந்தது என்பதும் கருதத்தக்கன. நாய்மீதான வரி இதற்கும் முற்பட்டது. யோன் டென்ற் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் முன்னின்று வற்புறுத்தியதன் பேறாக 1796இல் அது விதிக்கப்பட்டது. அதனால் அவருக்கு ‘நாய் டென்ற்’ என்னும் பட்டப்பெயர் வாய்த்தது. வரி கேட்டவரை எக்காலத்து மக்களும் எளிதில் மறப்பதில்லை போலும்!

உழைக்கும் நாய் வீதியை விட்டு நீங்கிய அதே காலப்பகுதியில், உழையாத நாய் மத்தியதர வர்க்கத்தின் வீட்டுக்குள் புகுந்தது. 1859இல் நியூகாசில் நகரில் முதலாவது நாய்க்கண்காட்சி நடைபெற்றது. 1873இல் நாய்களின் குலமரபைப் பதிவுசெய்யும் கெனல் கழகம் தோன்றியது. மனிதர்க்கு வமிசாவளி தேடிய சமூகம் நாய்க்கும் அதனைத் தேடியதில் வியப்பில்லை. 1860இல் மேரி ரீல்பி என்னும் மாது, வீடிழந்து பட்டினியால் வாடும் நாய்களுக்கென இலண்டனில் ஒரு புகலிடம் அமைத்தபோது, மனிதர் பட்டினி கிடக்கும் நகரில் நாய்க்கு வீடா எனப் பத்திரிகை எள்ளி நகையாடியது. அப்புகலிடம் 1871இல் பட்டர்சீ என்னுமிடத்துக்கு மாறி, அப்பெயராலேயே புகழ்பெற்றது.

இவ்வரலாற்றில் 1867ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை எனலாம். அவ்வாண்டில் இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று, பழைய நாய்வரியை நீக்கி, ஆண்டொன்றுக்கு ஐந்து சிலிங் கட்டணத்தில் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது. 1878இல் இக்கட்டணம் ஏழரைச் சிலிங்காக உயர்ந்தது. மற்றையது, இலண்டன் வீதிகளில் எவருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாது திரியும் நாயைப் பொலிசார் பிடித்துச் செல்லலாம் எனவும், மூன்று நாள்களுள் உரியவர் வாராவிடின் அதனை விற்கவோ கொல்லவோ செய்யலாம் எனவும் அதிகாரம் வழங்கியது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் ஒரு புதிய தத்துவம் வெளிப்படும். நாய் தன்னளவில் வீதிக்கு உரியதன்று. காசு கட்டிய ஒருவர் அதன் பின்னால் நிற்கும்வரையே அது வீதிக்கு உரியது. கடித்ததா, குரைத்ததா என்பது இங்கே எழவில்லை. உடையவன் யார் என்பதே கேள்வியாயிற்று.

இத்தத்துவத்துக்கு வலுவூட்டியது நீர்வெறுப்பு நோய். விசர்நாய்க் கடியால் உண்டாகும் இந்நோய் தோன்றியபின் உயிர்தப்புவது அரிதினும் அரிது. 1877இல் இங்கிலாந்தில் 79 பேர் இதனால் மாண்டனர். இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நாட்டில், காசநோயோடும் வாந்திபேதியோடும் ஒப்பிடின் இத்தொகை மிகச் சிறியதே. ஆயினும் அச்சம் தொகையைப் பொறுத்ததன்று. நோயாளி நீரைக் கண்டு நடுங்கி இறக்கும் காட்சியும், கடிபட்ட நாள்முதல் வாரக்கணக்காக நோயை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கொடுமையும் மக்களை உலுக்கின. 1885 யூலை 6ஆம் நாள் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது தடுப்பூசியை முதன்முதல் ஏற்றினார். அவ்வாண்டின் இறுதியிலேயே இலண்டன் பொலிஸ் ஆணையாளர், வீதிக்கு வரும் நாய்கள் வாய்க்கூடு அணிந்திருத்தல் வேண்டும் எனக் கட்டளையிட்டார்.

வாய்க்கூடு என்பது கம்பியாலோ தோல்வாராலோ செய்யப்பட்டு நாயின் வாயை மூடும் சிறு கருவி. சூடு மிதிக்கும் மாட்டுக்கு வாய் கட்டுவதைக் கண்ட நமக்கு இது பெரும் புதுமையன்று. ஆனால் பதினேழு ஆண்டுகள் ஆங்கிலப் பொதுவாழ்வை இது கலக்கியது. வாய் மூடப்பட்ட நாய் மூச்செறிந்து உடல்வெம்மையைத் தணிக்க இயலாது வாடும் என்றனர் சிலர். வாய்க்கூடே நாயை விசராக்கும் என்றனர் வேறு சிலர். நோய் கடியால் மட்டும் பரவுவதா, வெயிலாலும் பசியாலும் தானாகவே தோன்றுவதா என்பதில் மருத்துவரிடையேயும் அக்காலத்தில் ஒருமித்த கருத்து இருக்கவில்லை என்பதை நினைவிற் கொண்டால், இவ்வாதங்களை வெறும் அறியாமை என ஒதுக்கிவிடல் நேரிதன்று. நாயுடையோர் தம் உரிமையைக் காக்கச் சங்கம் அமைத்தனர். 1887இல் பிரபுக்கள் சபையின் தெரிகுழு ஒன்று இதனை ஆராய்ந்தது. பிரித்தானியா கடல்சூழ்ந்த தீவாதலின், வாய்க்கூட்டினை ஒழுங்காகக் கைக்கொள்ளின் தமது ஊசிக்கே தேவை இராது என்பது பாஸ்டரின் கருத்தாகவும் இருந்தது.

ஆயினும் கட்டளைகள் இடப்படுவதும் நோய் சற்றுத் தணிந்ததும் தளர்த்தப்படுவதுமாகவே காலம் கழிந்தது. தளர்த்திய இடத்தில் நோய் மீண்டும் தலைதூக்கியது. 1890களின் நடுப்பகுதியில் அது பெருகியபோது, விவசாய அமைச்சின் தலைவராயிருந்த வால்ரர் லோங் 1897 முதல் விட்டுக்கொடாது வாய்க்கூட்டுக் கட்டளைகளை நடைமுறைப்படுத்தினார். வெளிநாட்டிலிருந்து நாய் கொண்டுவருவதையும் கட்டுப்படுத்தினார். பழைமைபேண் கட்சியைச் சேர்ந்த இந்நிலவுடைமையாளரை அவரது வர்க்கத்தினரே வசைபாடினர். வசைக்கடிதங்கள் குவிந்தன. அவர் அசையவில்லை. 1902இல் பிரித்தானியாவில் இந்நோய் ஒழிந்தது. 1918இல் வெளிநாட்டிலிருந்து கள்ளமாகக் கொண்டுவரப்பட்ட நாயினால் அது மீண்டும் புகுந்தபோதும், அதே முறைகளால் 1922 அளவில் நீக்கப்பட்டது. இவ்வளவில் லோங் செய்தது சரியே என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை. நாயின் சில ஆண்டுத் துன்பத்தைவிட ஒரு பிள்ளையின் உயிர் பெரிது.

எனினும் இவ்வெற்றிக்கு மறுபுறம் ஒன்று உண்டு. வேட்டைக்குச் செல்லும் நாய்க்கூட்டங்களுக்குக் கட்டளையிலிருந்து விலக்களிக்கப்பட்டது. மந்தை மேய்க்கும் நாய்க்கும் தொழிலிலிருக்கும்போது விலக்குண்டு. அது தொழிலின் தேவை எனலாம். வேட்டை நாய்க்குரிய விலக்கோ பிரபுக்களின் பொழுதுபோக்குக்குச் செய்த மரியாதையன்றி வேறில்லை. கூலித்தொழிலாளி வாய்க்கூடு வாங்கவும் கட்டணம் கட்டவும் வகையின்றித் தன் நாயைப் பொலிசாரிடம் இழந்த வேளையில், கனவானின் நாய்க்கூட்டம் திறந்த வாயோடு வயல்வெளியில் ஓடியது. விசர்க்கிருமி வர்க்கபேதம் பாராட்டுவதில்லை. அதனை ஒழிக்க எழுந்த சட்டம் பாராட்டியது.

இன்னொரு விலையை உடையவன் அற்ற நாய் கொடுத்தது. வீதியிற் பிடிபட்டவை ஆயிரக்கணக்கில் பட்டர்சீ புகலிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. புகலிடமாகத் தொடங்கிய அவ்விடத்தில் 1884இல் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் என்னும் மருத்துவர் வகுத்த நச்சுவாயு அறை நிறுவப்பட்டது. நோவின்றிக் கொல்வதே அதன் நோக்கம். நோய் ஒழிந்தபின் வந்த 1906ஆம் ஆண்டின் நாய்கள் சட்டம், உடையவன் பெயரும் முகவரியும் பொறித்த கழுத்துப்பட்டியைக் கட்டாயமாக்க வழிசெய்தது. வாய்க்கூடு போயிற்று, பெயர்ப்பட்டி நிலைத்தது. இலண்டன் பூங்காக்களில் நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டு ஓடுவதைக் கண்டு, ஆங்கிலேயர் இயல்பிலேயே நாயிடத்து அன்புடையோர் என வியந்து பேசுவோர் நம்மிடை உளர். அந்தச் சுதந்திரத்துக்கு முன்நிபந்தனையாக, உடையவன் அற்ற நாய் அந்நகரிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டது என்பதை அவர்கள் அறியார்.

இங்கிலாந்து நாயைப் பெயர்ப்பட்டியோடு ஏற்றுக்கொள்ள, ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யாவிக் அதனை முற்றாகவே விலக்கியது. அங்கு அச்சமூட்டியது விசரன்று. நாயின் குடலில் வாழ்ந்து, அதன் மலத்தின் வழியே மனிதரைப் பற்றி, ஈரலில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் நாடாப்புழு. 1863இல் ஹரால்ட் கிராபே என்னும் ஆய்வாளர் அந்நாட்டு நாய்களை அறுத்துச் சோதித்தபோது, ஏறத்தாழ நூற்றுக்கு இருபத்தெட்டு இப்புழுவைக் கொண்டிருக்கக் கண்டார். 1924இல் நகரில் நாய் வளர்ப்பதே தடைசெய்யப்பட்டது. புழு அருகிய பின்னும் தடை நெடுங்காலம் நீடித்தது. 1984இல், முன்னர் புகழ்பெற்ற உதைபந்தாட்ட வீரராயிருந்த நிதியமைச்சர் அல்பேர்ட் குட்மண்ட்சன், சட்டத்துக்கு மாறாக லூசி என்னும் நாயை வளர்ப்பதாக முறைப்பாடு எழுந்தபோது, நாயைப் பிரிவதிலும் நாட்டைப் பிரிவதே மேல் என்றார். அவ்வாண்டே நிபந்தனைகளோடு தடை தளர்ந்தது. நோயின் பெயரால் வந்த சட்டம் நோய் நீங்கியபின்னும் தானாக நீங்குவதில்லை. அமைச்சர் ஒருவரின் வீட்டு வாயிலை அது தட்டவேண்டியிருந்தது. நோயச்சம் நீங்கிய நகரங்களில் வழக்கு வேறு வடிவம் பெற்றது. 1978 ஓகத்து முதல் நியூயோர்க் நகரம், நாயின் கழிவை உடையவரே அள்ளவேண்டும் எனச் சட்டம் செய்தது. உடைமையோடு கடமையையும் சேர்த்துக் கட்டிய இச்சட்டத்தையே மேற்கூறியவற்றுள் நேர்மையானது எனக் கொள்ளத் தோன்றுகிறது.

உடையவன் உள்ள நாய், அற்ற நாய் என்னும் இப்பிரிவினை கீழைநாட்டு வீதிகளில் அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை. 1832 யூன் மாதத்தில் பம்பாயில் ஆங்கில ஆட்சியினர், கொல்லப்படும் நாய் ஒவ்வொன்றுக்கும் கூலி கொடுத்துத் தெருநாய்களை அழிக்க முற்பட்டபோது பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் சமயத்தில் இறந்தோரின் உடலை நாய் பார்த்தல் ஈமச்சடங்கின் ஒரு கூறு. ஆட்சியாளர் ‘எவருடையதும் அல்ல’ எனக் கண்ட நாய், அம்மக்களுக்கு எல்லாருடையதுமாய் இருந்தது. அக்கலகத்தின் பின், 1834இல் ஜம்செட்ஜி ஜீஜீபாய் முதலிய வணிகர் விலங்குகளுக்கான புகலிடம் ஒன்றை அந்நகரில் நிறுவினர்.

இலங்கையில் 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டமும் ஆங்கிலச் சிந்தனையை அப்படியே கொணர்ந்தன. பதிவு, கட்டணம், பதியாத நாயைப் பிடித்தல், கொல்லுதல் என்பனவே அவற்றின் சாரம். இவ்விடத்தில் நம்மவர் வழங்கும் ‘கட்டாக்காலி’ என்னும் சொல் சிந்தனைக்குரியது. காலி என்பது ஆநிரை. கட்டப்படாத கால்நடையே கட்டாக்காலி. உடையவன் இல்லாதது என்பது அதன் பொருளன்று. பகலில் அவிழ்த்துவிட்ட மாடு மாலையில் வீடு திரும்புவதுபோல, நாலு வீட்டுச் சோற்றில் வளர்ந்து ஒழுங்கையைக் காக்கும் நாயும் கட்டப்படாதது மட்டுமே. சட்டம் அதனை அநாதையாகக் கண்டது.

இதனால் இரு தரப்பிலும் உயிரிழப்பே மிஞ்சியது. பலகாலமாக நாய்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டு வந்தும், 1973இல் இலங்கையில் நீர்வெறுப்பு நோயால் இறந்தோர் 377 பேர். அன்று இந்நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய ஒரு கோடியே முப்பது இலட்சம். 1877இல் இங்கிலாந்தை நடுங்கவைத்த தொகையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க. 1975இல் தேசிய கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றுவதும் கடிபட்டோருக்கு உரிய சிகிச்சை கிடைப்பதும் பரவலானபின்னரே மரணங்கள் படிப்படியாகக் குறைந்தன. 2006இல் தெருநாய்களைப் பெருந்தொகையாகக் கொல்லும் வழக்கம் கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் அதன் இடத்தைப் பெற்றன. 2010களில் ஆண்டு மரணங்கள் ஐம்பதுக்கும் கீழே இறங்கின. கொலை நின்றபின்னும் மரணம் பெருகவில்லை, குறைந்தது. ஊசி ஏற்றுவோர் நாயைப் பிடித்துத் தருமாறு கேட்கும்போது, நாலு வீட்டாருள் எவர் அதனைப் பிடித்துக் கொடுக்கிறாரோ அவரே அவ்வளவுக்கு அதன் உடையவர். 1901ஆம் ஆண்டின் பதிவேட்டிலோ ஒரு நாய்க்கு ஒரு பெயர் எழுதவே இடம் இருந்தது.