வலைக்கண்ணில் நழுவியவர்கள்

தமிழிலக்கியம் படிக்க வரும் மாணவிகளுக்கு எங்கள் துறையில் இதழியலும் ஒரு தாள். மனிதன் நாயைக் கடித்தால்தான் செய்தி என்று எழுதி எளிதாக மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். நான் அங்கே நிறுத்தி, கே டக்மேனைப் பற்றிப் பேசுவேன்.

அமெரிக்கச் சமூகவியலாளரான டக்மேன், செய்தி அறைகளில் பல ஆண்டுகள் கவனித்ததை வைத்து 1978இல் ‘மேக்கிங் நியூஸ்’ நூலை வெளியிட்டார். பத்திரிகை உலகின்மேல் விரிப்பது போர்வையல்ல, வலை என்றார். காவல் நிலையம், நீதிமன்றம், மாநகராட்சி என நிருபரை நிறுத்திய இடத்தில் நடப்பதே செய்தியாகிறது. பெரிய மீன் அகப்படும், அயிரை நழுவிவிடும். நிருபரை நிறுத்திய இடங்களிலெல்லாம் நாற்காலியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

1966 நவம்பரில் பெட்டி ஃப்ரீடன் நியூயார்க்கில் நிருபர்களை அழைத்து, புதிதாகத் தொடங்கிய தேசியப் பெண்கள் அமைப்பைப் பற்றிப் பேசினார். வேலையில் சம உரிமை கேட்கும் அமைப்பு அது. நியூயார்க் டைம்ஸ் அந்தச் செய்தியை வெளியிடத்தான் செய்தது: உணவு, ஆடை, குடும்பம், அறைகலன் என்று தலைப்பிட்ட பெண்கள் பக்கத்தில், வான்கோழிச் சமையல் குறிப்போடு.

இதைக் கேட்டதும் மாணவிகளுக்குக் கோபம் வரும். ஆனால் டக்மேன் கோபத்தோடு நின்றுவிடவில்லை. பெண்கள் பக்கத்தைத் தயாரித்தவர்களிடமும் பேசினார். பொதுப் பக்கத்தில் தீவிபத்தோடும் தேர்தலோடும் போட்டியிட்டுச் சுருங்கிப்போகும் செய்தியை இங்கே விரிவாகப் போட முடிகிறது என்பது அவர்கள் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது. அதே பக்கம்தான், இது அவசரச் செய்தியல்ல, ஆற அமரப் படிக்கலாம் என்றும் வாசகரிடம் சொல்லிவிடுகிறது. நம் ஊர் மகளிர் இணைப்பிதழ்களில் எழுதிய என் தலைமுறைக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம்.

1995இல் 71 நாடுகளில் ஒரே நாள் செய்திகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் இடம்பெறுவோர் யார் என்று எண்ணினார்கள். பெண்கள் 17 சதவீதம். 2020இல் அதே கணக்கெடுப்பில் 25.

என் வகுப்பிலும் எண்ணச் சொல்வேன். நாங்கள் அடிக்கடி எடுத்துக்கொள்வது, ‘காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல்’ என்ற செய்தி. படம் முழுக்கப் பெண்கள். செய்திக்குள் பேசுகிறவரோ பேச்சுவார்த்தை நடத்த வந்த அதிகாரி. பெயரும் பதவியும் அவருக்கு மட்டும்தான். ‘அதைத் தொடர்ந்து பெண்கள் கலைந்து சென்றனர்’ என்று முடியும். இதையே மறியலில் உட்கார்ந்த ஒருத்தியிடமிருந்து தொடங்கி எழுதுங்கள் என்பேன். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு தூரம் நடக்கிறாள், இன்று எந்தக் கூலியை விட்டுவிட்டு வந்தாள்?

அந்த வகுப்பில் இருந்த ஒருத்தி இப்போது ஒரு நாளிதழின் நிருபர். சென்ற கோடையில் மறியல் செய்தி ஒன்றில் இரண்டு பெண்களின் பெயரோடு அவர்கள் சொன்னதையும் எழுதி அனுப்பினாள். இடமில்லை என்று ஒருவரை வெட்டினார்கள். மற்றவர் சொன்னது முதல் பத்தியிலேயே அச்சாகியிருந்தது.