மூங்கிலில் விழுந்த கணக்கு
1856 ஜனவரியில் ரங்கூன் வந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ், பர்மாவின் (இன்றைய மியான்மர்) பெகு தேக்குக் காடுகளின் கண்காணிப்பாளரானார். அங்குள்ள யோமா மலைகளில் யானை மீதேறிச் சென்று, வழியில் கண்ட தேக்கு மரங்களைப் பருமன்வாரியாகப் பிரித்து, மூங்கில் துண்டுகளில் கத்தியால் வெட்டுக்குறி இட்டார். காகிதத்தைப் போல மூங்கில் மழையில் நைவதில்லை. காட்டின் இருப்பை அழிக்காமல் ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்பதே அவர் தேடிய விடை. கரியமில வாயு அன்று எவர் கவலையும் அல்ல.

உமிழும் கரியமில வாயுவையும் உறிஞ்சப்படுவதையும் சமன்செய்யும் இன்றைய நிகர பூஜ்ஜியக் கணக்கில் அதே காடுதான் வரவுப் பத்தி. 2012இல் மியான்மர் ஐ.நா.வுக்கு அளித்த முதல் காலநிலை அறிக்கை, 2000ஆம் ஆண்டில் நாடு உமிழ்ந்ததைவிடக் காடுகள் உறிஞ்சியதே அதிகம் என்றது. காடழிப்பு அந்த வரவை அரித்துவந்தது. 2021இல் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் அளித்த உறுதிமொழி, 2030க்குள் காடழிப்பைச் சொந்த முயற்சியில் 25 சதவீதமும், வெளியுதவி கிடைத்தால் 50 சதவீதமும் குறைப்பதாகக் கூறுகிறது.