காவிரிக் கடைமடையில் வீடற்றோர் மருத்துவம்: அம்பலம், சத்திரம், கூலி டிப்போ

முன்னுரை

வீடற்ற ஒருவர் நோயுறும்போது அவருக்கு வேண்டுவது மருந்து மட்டுமன்று. மருந்துண்ணும் நாள்களில் படுத்திருக்க ஓரிடம், பத்திய உணவு, உடல் தேறிய பின்னும் சிலகாலம் தங்குவதற்கான ஒப்புதல் ஆகியனவும் உடன் வேண்டும். காரைக்காலை உள்ளடக்கிய காவிரிக் கடைமடைப் பகுதியில் இவை எக்காலத்தில் ஒருங்கே கிடைத்தன, எவ்வாறு பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அம்பலமும் ஆதுலர் சாலையும்

காரைக்காலுக்கு வடக்கே, அதே கடற்கரையில் அமைந்த புகார் நகரின் உலகவறவி என்னும் அம்பலத்தை மணிமேகலைக் காப்பியம் காட்டுகிறது. பார்வையற்றோர், கேளாதோர், முடமானோர், பேணுநர் இல்லாதோர், நோயுற்றோர் எனக் காப்பியம் ஒரு தொகுதியாகச் சுட்டும் மக்களுக்கு அமுதசுரபி உணவளிக்கிறது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுமாறு மணிமேகலை சோழனிடம் வேண்டுவதும் அறியப்பட்டதே. எனினும் அங்கு முதன்மை பெறுவது பசிப்பிணி. உடற்பிணிக்கான மருத்துவ ஏற்பாடு விரிவாகப் பேசப்படவில்லை.

மருத்துவ ஏற்பாட்டை விரிவாகப் பேசுவது வீரராசேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர் சாலையையும், அதற்கான மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றையும் வரிசைப்படுத்துகிறது. தமிழக மருத்துவ வரலாற்றில் இதற்குரிய இடம் பெரிது. ஆனால் இச்சாலை கோயில் பணியாளருக்கும் அங்குப் பயின்ற மாணவருக்கும் உரியது, நிறுவனத்தைச் சார்ந்தவர்களுக்கானது. இதனைப் பொதுமக்களுக்கான இலவச மருத்துவமனை எனக் கொள்ளும் பொதுவழக்கு சான்றைத் தாண்டிச் செல்வதாகும்.

சரபோசியின் கடிதம்

யாரையும் சாராதவருக்கான மருத்துவம் தெளிவாகப் பதிவாகியிருப்பது தஞ்சை மராட்டியர் சத்திரங்களில்தான். 1799 உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பினியிடம் சென்றது. சத்திரங்கள் தம் பொறுப்பிலேயே தொடர வேண்டும் என்று கருதிய இரண்டாம் சரபோசி, 1801இல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில் அவற்றின் நடைமுறையை விவரிக்கிறார்.

பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் சோறு வழங்கப்படுகிறது. சமைத்ததை உண்ண விரும்பாதவர் அரிசியாகப் பெறுகின்றனர். நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதவர் எவரேனும் உளரா என அழைக்கின்றனர். ஒவ்வொரு சத்திரத்திலும் ஆசிரியரோடு, நோய்களையும் வீக்கங்களையும் பாம்புக்கடியையும் தீர்க்கவல்ல மருத்துவர் ஒருவரும் உள்ளார். வழியில் நோயுற்றவர் குணமாகும்வரை மருந்தும் பத்திய உணவும் பெறுகிறார். பெற்றோரை இழந்த வழிப்போக்கர் குழந்தைகள் ஆசிரியரின் பொறுப்பில் வளர்கின்றனர். நாளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளுக்கொருமுறை எண்ணெய்க் குளியல். சத்திரத்தில் மகப்பேறு நிகழ்ந்தால் அதற்கான செலவும் மருந்தும் தரப்படுவதுடன், தாய் மூன்று மாதம் அங்கேயே தங்கலாம்.

இம்மூன்று மாதம் என்ற வரையறை கருதத்தக்கது. பேறு முடிந்தவுடன் மருத்துவரின் வேலை முடிந்துவிடுகிறது. வீடில்லாத தாயின் இடர் அப்போதுதான் தொடங்குகிறது. சத்திர நடைமுறை இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தது.

இக்கடிதம் அறக்கட்டளைகளைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு மன்னர் விடுத்த வேண்டுகோள் என்பதை மறத்தலாகாது. அது சொல்வது நெறிமுறை. அன்றாடம் நிகழ்ந்ததன் பதிவன்று. நெறிமுறை எவ்வளவு நிறைவேறியது என்பதற்கு மோடி ஆவணங்களிலுள்ள சத்திரக் கணக்குகளே உரைகல்லாகும். ஆயினும், ஓர் ஆட்சியாளர் தம் பெருமையாக எதை முன்வைக்கத் தேர்ந்தார் என்பதும் வரலாற்றுச் சான்றே. 1855இல் மராட்டியர் மரபு முடிவுற்றபின் சத்திர நிருவாகம் ஆங்கில அரசிடமும், பின்னர் மாவட்டக் கழகத்திடமும் சென்றது.

காரைக்கால்: உடலின் விலை

1739 முதல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 19ஆம் நூற்றாண்டில் வேறொரு வகைத் தங்குமிடத்தைக் கண்டது. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய துறைமுகங்களுள் இதுவும் ஒன்று. 1861 சூலை 1ஆம் நாள் பிரித்தானிய–பிரெஞ்சு ஒப்பந்தம், பிரித்தானிய இந்தியக் குடிகளையும் இவ்வாறு அனுப்ப வழிசெய்தது. தஞ்சைச் சீமையில் நிலமும் வேலையும் இழந்து ஊரைவிட்டுக் கிளம்பியோர் கூலி டிப்போவில் உணவும் உறைவிடமும் பெற்றனர். மருத்துவச் சோதனையும் நடந்தது.

புறத்தோற்றத்தில் சத்திரத்திற்கும் டிப்போவிற்கும் ஒற்றுமை மிகுதி: இரண்டிலும் கூரை, சோறு, மருத்துவர். ஆனால் சத்திர மருத்துவர் முன் நின்ற கேள்வி இவருக்கு என்ன நோய் என்பது. டிப்போ மருத்துவர் முன் நின்றதோ இவ்வுடல் கடற்பயணத்தையும் தோட்ட வேலையையும் தாங்குமா என்பது. சோதனையில் தேறாதவருக்குக் கப்பலில் இடமில்லை. மிகுதியாக நலிந்தவரே முதலில் வெளியேற்றப்படும் ஏற்பாட்டை மருத்துவ உதவி என அழைப்பது பொருந்தாது. 1882இல் ரீயூனியனுக்கு ஆளனுப்புவதைப் பிரித்தானிய இந்திய அரசு நிறுத்தியதற்கு, அங்குத் தொழிலாளர் நடத்தப்பட்ட முறை குறித்த முறையீடுகள் காரணமாயின.

எண்ணிக்கையும் வழியும்

இன்று இவ்வுதவிகள் தனித்தனிச் சட்டங்களிலும் துறைகளிலும் பிரிந்து கிடக்கின்றன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆதரவற்ற, வீடற்ற மனநோயாளர் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் உரிமையை வழங்குகிறது. தங்குமிடமோ, 2013இல் உருப்பெற்ற தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் பொறுப்பாக 2024 வரை இருந்தது. ஓரிலட்சம் நகர மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்பது அதன் கணக்காக இருந்தது.

இக்கணக்கு காரைக்காலுக்குப் பொருந்தி வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுவதற்குமே மக்கள்தொகை ஏறத்தாழ 2 இலட்சம்தான். காரைக்கால் நகரம் ஓரிலட்சத்தை எட்டவில்லை. ஆனால் அருகிலுள்ள திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சியின்போது வந்துசெல்லும் கூட்டம் உள்ளூர் மக்கள்தொகையைப் பன்மடங்கு விஞ்சும். கோயில் ஊர்களை நாடி வந்து தங்கிவிடும் முதியோரும் மனநோயாளரும் அவ்வூர்களின் கணக்கெடுப்பில் குடிகளாக இடம்பெறுவது அரிது. குடியிருப்போரின் எண்ணிக்கையைக் கொண்டு குடியில்லாதோரின் தேவையை அளக்கும் முறை இது. சரபோசியின் சத்திரங்களோ ஊரின் அளவைக் கருதி எழுந்தவையல்ல. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இராமேசுவரம் செல்லும் வழியில் அமைந்தது, நடந்து செல்வோர் அவ்வழியே சென்றமையால்.