ஒட்ட ஒரு நொடி, எடுக்க ஒரு மணி: கார் ஸ்டிக்கரின் கதை



2024 ஏப்ரல் கடைசியில் நம் வளாகத்துப் பார்க்கிங்கில் ஏற்பட்ட பரபரப்பு பலருக்கும் நினைவிருக்கும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’, ‘டாக்டர்’, ‘தலைமைச் செயலகம்’ என்றெல்லாம் தனியார் வண்டிகளில் ஒட்டியிருப்பதை எடுத்துவிட வேண்டும். மே 2 முதல் நடவடிக்கை. நம்பர் பிளேட்டில் ஒட்டியிருந்தால் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500 ரூபாய் அபராதம்.

கையில் இருந்தது சில நாட்கள்தான். ஒருவர் ஷேவிங் பிளேடால் சுரண்டினார். ஒருவர் டிரைவரிடம் தின்னர் வாங்கி வரச் சொன்னார். இன்னொருவர் ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் இழுத்தார். அதோடு பெயிண்ட்டும் வந்தது. அடுத்த வாரம் நடைப்பயிற்சியின்போது பார்த்தேன். நம் வளாகத்தில் மட்டும் நான்கு வண்டிகளில் கீறல். அபராதத்துக்குப் பயந்து செய்த வேலைக்கு, டிங்கரிங் பட்டறையில் அபராதத்தைவிடப் பல மடங்கு செலவு.

வண்டியில் அடையாளம் மாட்டுவது எப்போது தொடங்கியது? அதைக் கழற்றும்போது ஏன் இவ்வளவு சேதம்? இதைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். சுவாரசியமாக இருந்ததால் பகிர்ந்துகொள்கிறேன்.

சல்யூட் அடித்த பேட்ஜ்

இங்கிலாந்தில் 1905-ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் தொடங்கினார்கள். அதன் முக்கிய வேலையே, வேகமாகப் போகும் கார்களைப் பிடிக்கப் போலீஸ் எங்கே மறைந்து நிற்கிறது என்று உறுப்பினர்களுக்குச் சொல்வது. உறுப்பினர் காரின் முன்னால் ஒரு உலோக பேட்ஜ் இருக்கும். சங்கத்தின் ரோந்துக்காரர் சைக்கிளில் எதிரே வரும்போது அந்த பேட்ஜைப் பார்த்து சல்யூட் அடிப்பார். வெளிப்படையாக எச்சரித்தால் வழக்கு வரும் என்றானபோது ஒரு தந்திரம் செய்தார்கள்: சல்யூட் அடிக்காமல் போனால், முன்னால் போலீஸ் இருக்கிறது என்று பொருள்.

ஆக, காரில் மாட்டும் அடையாளத்துக்கும் போலீஸுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. சிக்னலில் போலீஸ்காரர் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளட்டும் என்று நம்மவர்கள் ‘பிரஸ்’ ஒட்டிக்கொண்டதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய முன்னோடி அது.

நம்மூரில் அண்ணா சாலையில் இருக்கும் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கமும் அப்படித்தான் பேட்ஜ் கொடுத்தது. மயிலாப்பூர் லஸ் பக்கம் பெரிய வக்கீல்கள், டாக்டர்கள் வீட்டு அம்பாசடர், பியட் கார்களின் முன் கிரில்லில் அதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வசதி உண்டு. போல்ட், நட் போட்டு முறுக்கியது; வேண்டாம் என்றால் ஸ்பேனரால் கழற்றிவிடலாம். பெயிண்ட்டைத் தொடாது.

கார் கம்பெனியின் சொந்தப் பெயர் எழுத்துகள் வேறு விதம். நம் வண்டலூர் பக்கத்தில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காலத்தில், உலோக எழுத்துகளுக்குப் பின்னால் சின்ன ஆணி மாதிரி இருக்கும். பாடியில் துளை போட்டு, உள்ளே கிளிப் மாட்டிவிடுவார்கள். எழுத்து விழுந்துவிட்டால் துளை மட்டும் மிஞ்சும். மழைத்தண்ணீர் அதற்குள் போகும். அடையாறு, பெசன்ட் நகர் உப்புக்காற்றில் அந்தத் துளையைச் சுற்றித்தான் முதலில் துரு பிடிக்கும். விழுந்த எழுத்துக்குப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் நம்மில் உண்டு.

எடுப்பதற்காகவே பிறந்த டேப்

மாஸ்கிங் டேப்பின் வரலாறு கார் பெயிண்ட்டில்தான் தொடங்குகிறது. 1920-களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார் நாகரிகமானது. முதல் நிறம் அடித்தபின், அந்தப் பகுதியைக் காகிதத்தால் மூடி, பசையால் ஒட்டி, இரண்டாவது நிறம் அடிப்பார்கள். காகிதத்தை உரிக்கும்போது புது பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து வேலை.

அப்போது 3எம் கம்பெனி உப்புக்காகிதம்தான் முக்கியமாக விற்றது. அதன் மாதிரியைக் கொடுத்துப் பார்க்க ஒரு பட்டறைக்குப் போன ரிச்சர்டு ட்ரூ என்ற இளைஞர், அங்கே பெயிண்டர்கள் திட்டித் தீர்ப்பதைக் கேட்டார். நன்றாக ஒட்டவும் வேண்டும், எடுக்கும்போது எதையும் பிய்த்துக்கொண்டு வரவும் கூடாது. அப்படி ஒன்றைச் செய்வதாகச் சொன்னார். 1925-ல் மாஸ்கிங் டேப் வந்தது. இன்றும் பெயிண்டர்கள் கையில் இருப்பது அதுதான். பத்து வருஷம் கழித்து, 1935-ல், ஸ்டான்டன் ஏவரி என்பவர் உரித்து ஒட்டும் லேபிள் தயாரிக்கத் தொடங்கினார். இன்றைய ஸ்டிக்கரின் தாத்தா அது.

மாஸ்கிங் டேப் சில மணி நேரத்தில் எடுப்பதற்காகச் செய்தது. கார் ஸ்டிக்கரோ மழையிலும் வெயிலிலும் விழாமல் இருக்கச் செய்தது. இரண்டுக்கும் பசை வேறு. பாண்டி பஜாரில் முப்பது ரூபாய்க்கு வாங்கும்போது இந்த வித்தியாசத்தை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

ஆணை வரும், அவசரம் வரும்

சென்னையில் மொத்தமாக உரிக்கும் படலம் 2024-ல் முதல் முறையல்ல. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகன விதி 100-ன்படி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும். மே 4 முதல் தடை. இடையில் ஒரே வாரம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒட்டிக்கொண்டு வந்ததை வீட்டு வாசலில் பிளேடால் சுரண்டியபோது, பலர் பின் கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகளையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள்.

2017-ல் சுழல்விளக்குக்கு முடிவு வந்தது. மே 1 முதல் மந்திரிகள் காரிலும் சிவப்பு விளக்கு கூடாது என்றார்கள். 2024-ல் ஸ்டிக்கர்.

மூன்றிலும் ஒரே கதைதான். ‘நான் மற்றவர்களைப் போல் அல்ல’ என்று சொல்ல ஒன்றை மாட்டுகிறோம். பிறகு ஒரு நாள் எல்லோரும் ஒன்றுதான் என்று சட்டம் சொல்கிறது. அப்போது கழற்ற நேரம் போதவில்லை.

டாக்டர் மாமாவின் ஸ்டிக்கர்

எல்லா ஸ்டிக்கரும் பந்தாவுக்காக ஒட்டியது என்றும் சொல்ல முடியாது. அவசரத்துக்குப் போகும்போது தடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் விலக்குக் கேட்டார்கள். அதில் நியாயம் உண்டு. வெள்ளையில் சிவப்புச் சிலுவை மட்டும் டாக்டர்களின் சின்னமே அல்ல. போர்க்காலத்தில் காயம்பட்டவர்களைக் காக்கும் சின்னம். 1960-ன் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி மற்றவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது.

நம் வளாகத்தில் ஒரு மாமி. அவர் கணவர் டாக்டர். காலமாகிச் சில வருஷம் ஆகிறது. காரின் டிக்கியில் அவர் கையால் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அறிவிப்பு வந்ததும் மாமி என்னிடம் வந்தார். “சார், எடுக்கத்தான் வேணும், தெரியும். பிளேடு வச்சு சுரண்ட வேண்டாம். முழுசா வருமா?”

அன்று சாயங்காலம், வெயில் தாழ்ந்தபின், உட்கார்ந்து எடுத்தோம். அன்று செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தோம். மணல் இருந்தால் அதுவே கீறும். பிறகு ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் சூடு வரை காட்டினோம். பசை இளகியது. ஒரு மூலையை நகத்தால் தூக்கி, மேல் நோக்கி இழுக்காமல், பாடியோடு ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுத்தோம். வராத இடத்தில் மறுபடியும் சூடு. ஒரு மணி நேரம் ஆனது. முழுசாகவே வந்தது.

மிச்சமிருந்த பசைக்கு நம் ஊட்டி நீலகிரித் தைலம். பழைய பனியன் துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்தி வைத்தால் பசை குழைந்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒரு மறைவான இடத்தில் முதலில் துடைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பிளேடும் தின்னரும் ஏன் கூடாது? இன்றைய காரில் மொத்தப் பெயிண்ட்டின் தடிமனே ஒரு தாளின் தடிமன் அளவுதான். அதன் மேலடுக்குதான் பளபளக்கும் கிளியர் கோட். பிளேடு அதைத் தாண்ட ஒரு அழுத்தம் போதும். அந்தக் கால டியூக்கோ பெயிண்ட் காய்ந்தபின்னும் தின்னரில் கரையும். கம்பெனி பெயிண்ட் ஓரளவு தாங்கும். பட்டறையில் மறுபடி அடித்த இடமும் பிளாஸ்டிக் பம்பரும் தாங்காது. மறுபடி அடித்த இடத்தில் ஸ்டிக்கரோடு பெயிண்ட் உரிந்து வரும் அபாயமும் அதிகம்.

கார் பெயர் எழுத்துகள் இப்போது ஸ்பாஞ்சு டேப்பில்தான் ஒட்டியிருக்கின்றன. சூடு காட்டி, மீன்பிடி நைலான் நூலைப் பின்னால் விட்டு ரம்பம்போல் இழுத்தால் அறுபட்டு வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பழைய வண்டி என்றால் பின்னால் ஆணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் செய்தபிறகும் ஒன்று மிஞ்சியது. சுற்றிலும் பெயிண்ட் வெயிலில் மங்கியிருந்தது. ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதிதாக இருந்தது. சாய்த்துப் பார்த்தால் எழுத்தின் நிழல் தெரிந்தது. பாலிஷ் போட்டால் குறையும் என்றேன். “அதுக்கு ஃபைன் போட மாட்டாங்களே? அப்படியே இருக்கட்டும்” என்றார் மாமி.

நமக்கு ஒரு வேண்டுகோள்

2019 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளுக்குப் பதிவு எண் ஸ்டிக்கர் ஒன்று உண்டு. அதை ஒட்டுவது முன் கண்ணாடியின் உள்பக்கம். ஃபாஸ்டேகும் அப்படியே. அரசாங்கமே பெயிண்ட்டில் கை வைக்கவில்லை.

நம் சங்கமோ வருஷாவருஷம் பார்க்கிங் ஸ்டிக்கர் கொடுக்கிறது. சில வண்டிகளில் பின் பம்பரில் நாலு வருஷத்து ஸ்டிக்கர் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டுவதாகவோ, தொங்கவிடும் அட்டையாகவோ கொடுக்கலாம் என்று பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறேன். ஆதரவு தாருங்கள்.

பழையதை எடுக்க வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கிங் பக்கம் வாருங்கள். ஹேர் டிரையரும் தைலமும் என்னிடம் இருக்கின்றன. பிளேடை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.