பாறையருகே பாடியது யார்?

சென்ற இதழில் மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டை வாசலில் நின்றோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. இந்த வாரம் அதன் துறையிலிருந்து தோணி ஏறுவோம்.

நமக்கு முன்னால் ஏறியவர் எமர்சன் டெனன்ட், இலங்கையின் குடியேற்றச் செயலாளர். 1848 செப்டம்பரில் மட்டக்களப்பு வந்தவரின் காதில் ஊர்க்கதை ஒன்று விழுந்தது: வாவியின் அடியிலிருந்து இரவில் இசை எழுகிறதாம். எங்கே என்று கேட்டார். கோட்டைத் துறைக்குக் கிழக்கே, இரண்டு மூன்று நூறு யார் தூரத்தில், நீரோட்டத்தின் குறுக்கே கிடந்த ஒரு பாறையைக் காட்டினார்கள். துறைக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில்தான் பாட்டு.

டெனன்ட் மீனவர்களை அழைத்து விசாரித்தார். அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதிதான் என்றார்கள். கோடையில் மட்டும் கேட்கும், நிலவு முற்ற முற்றத் தெளியும், மழை வெள்ளம் வாவியில் இறங்கினால் நின்றுவிடும். பாடுவது மீன் அல்ல, ஊரி என்ற நீர் நத்தை என்பது அவர்கள் கட்சி. கொண்டுவரச் சொன்னதும் உயிருள்ள ஊரிகளைப் பொறுக்கி வந்து காட்டினார்கள்.

நிலா எழுந்ததும் டெனன்ட் தோணியில் போனார். காற்றில்லை, துடுப்பு பட்ட இடம் தவிர அலையில்லை. கேட்டது ஒரே நீண்ட சுரமல்ல. தனித்தனியே தெளிந்த எத்தனையோ சின்ன ஒலிகள், உச்சமும் மந்தரமும் கலந்து. தோணிப் பலகையில் காதை வைத்தால் ஒலி பெருகியது. சற்று விலகினால் அடங்கியது, பழைய இடத்துக்குத் திரும்பினால் மறுபடி தொடங்கியது. இதையெல்லாம் 1859இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் எழுதிவைத்தார்.

இந்தப் பதிவில் நீர்ப்பெண் எங்கும் இல்லை. ஊரி உண்டு, நிலவு உண்டு, பருவம் உண்டு, பாறை உண்டு. இன்று மட்டக்களப்பு என்றதும் நினைவுக்கு வரும் மீன்மகள் எப்போது வந்தாள்?

தெய்வப் பெண்களான அரமகளிர் தமிழுக்குப் புதியவர்கள் அல்லர். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் மலைச் சோலையில் ஆடுகிறார்கள். அந்தக் குலத்தை வாவிக்குள் இறக்கிக் குடியமர்த்தியதில் பெரும்பங்கு காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளுக்கு. அவருடைய 'நீரர மகளிர் இன்னிசைப் பாடல்' நிலவொளியில் வாவியிலிருந்து எழும் இசையைப் பாடுவது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டவருக்கு, ஊர் வாவியின் ஒலி வெறும் ஊரியின் முனகலாக எப்படிப் படும்?

ஜெர்மனியிலும் இதே கதைதான். ரைன் நதிக்கரைப் பாறையான லோரெலாய் எதிரொலிக்குப் பேர்போனது. அங்கே படகோட்டிகளை மயக்கும் மங்கையைப் பழங்கதை என்றே பலர் நம்புகிறார்கள். 1801இல் பிரென்டானோ என்ற கவிஞர் படைத்தவள் அவள். பாறை பழையது, பெண் புதியவள்.

சரி, பாடுவது யார்? இன்ன உயிர்தான் என்று அறிவியல் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. மட்டக்களப்பு செயின்ட் மைக்கேல் கல்லூரியில் பணியாற்றிய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கி இசையைப் பதிவுசெய்தார்; வானொலியில் அது ஒலிபரப்பானது. மீன்கள் ஒலி எழுப்புவது அதிசயமும் அல்ல. கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் 1980களில் படகு வீட்டுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த முரல் ஒலிக்கு, கழிவுநீர்ப் பம்புகள் முதல் இராணுவச் சோதனை வரை பலவற்றின்மேல் பழி விழுந்தது. கடைசியில் அகப்பட்டது மிட்ஷிப்மேன் என்ற மீன். ஆண் மீன் கல்லுக்கடியில் கூடமைத்து, காற்றுப்பையை அதிரவைத்துப் பெட்டையை அழைக்கிறது. மட்டக்களப்பில் அந்த மீன் கிடையாது. ஆனால் கல், பருவம் என்று நம் மீனவர்கள் சொன்ன குறிப்புகளும், தோணிப் பலகையில் டெனன்ட் கேட்ட ஒலியும் எவ்வளவு பொருந்துகின்றன! ஊரி என்றதில் அவர்கள் தவறியிருக்கலாம். மற்றதில் அவர்கள் சொல்லே சாட்சியம். மீன்மகள் அழகான இலக்கியம்.

கேட்க விரும்புவோர் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில், பௌர்ணமியை ஒட்டிக் கல்லடிப் பாலத்தருகே தோணி பிடியுங்கள். எஞ்சின் வேண்டாம். துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் அமிழ்த்தி, மறு நுனியில் காதை வையுங்கள். ஊர்க்காரர் கேட்பது அப்படித்தான்.