உக்காருன்னா உக்காரணும், அப்புறம் எதுக்கு ஸ்டே?

எங்க திருப்பத்தூர் வீட்டு நாய் "சிட்"டுன்னா டக்குனு உக்காந்துடும். அடுத்த நொடியே மதுரை ரோட்டுக்குப் பாய்ஞ்சிடும். ஒருநாள் பஸ் டிரைவர் பிரேக் போட்டதால தப்பிச்சுது. தப்பு என்னோடது. எப்போ எந்திரிக்கலாம்னு நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு சரித்திரம் இருக்குங்க. தன்னோட பூடில் நாய்கள் வெறும் அழகுப் பதுமை இல்லைன்னு காட்ட, ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் 1933ல் நியூயார்க் மாநிலத்தில் கீழ்ப்படிதல் போட்டி நடத்தினார். 1936ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை ஏத்துக்கிச்சு. ஆரம்பநிலைப் போட்டியில் ரொம்ப காலம், நாய்களை வரிசையா உக்கார வச்சு 1 நிமிஷம், படுக்க வச்சு 3 நிமிஷம். எஜமான் தள்ளிப் போய் நிக்கணும். சும்மா இருக்கறதுக்கே தனி மார்க்! தனி மார்க் இருந்தா தனி வார்த்தையும் ஒட்டிக்கும்ங்கறது என் ஊகம்.

எதிர்க்கட்சி என்ன சொல்லுதுன்னா, "சிட்"டுன்னா விடுவிக்கிற வரை "சிட்"டுதான், விடுவிக்க ஒரு சொல் இருந்தா போதும். அடியேன் இந்தக் கட்சி. நம்ம தமிழ்லயே "இரு"ங்கற ஒத்தைச் சொல்லுக்குள்ள உக்காரு, காத்திரு ரெண்டும் அடக்கமாச்சே (இருக்கைன்னா சீட்டுதானே!).

இப்போ "இரு"ன்னா உக்காரும். "போ"ன்னாத்தான் எந்திரிக்கும். நேத்து பஸ் ஹாரன் அடிச்சப்போ காது மட்டும்தான் ஆடுச்சு :)